நீர்நாய்க்கு ஆட்சேபணை இல்லை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆற்றோரச் சிறு பாலூட்டிகள் பாதுகாப்பு வாரியத்தின் கிளை அலுவலகம் திறந்து நான்கு வருஷம் ஆகியும், பாதுகாப்பதற்கு ஒரு பிராணிகூட அதன் கைக்குச் சிக்கவில்லை. மற்றபடி எல்லாம் இருந்தது. தேரடிக்குப் பின்தெருவில் வாடகைக்கு ஒரு மாடி வீடு, பச்சை ஜீப், திட்ட அலுவலர் வைகுண்டராஜ், ஒரு எழுத்தர், ஒரு டிரைவர், காக்கி உடுப்போடு இருளப்பசாமி என்ற காவலர். வாசலில் பெயர்ப்பலகை. பலகையில் வாரியத்தின் சின்னமாக ஒரு நீர்நாய் வரையப்பட்டிருந்தது. வரைந்தவர் நீர்நாயைப் பார்த்ததில்லை. வரையச் சொன்னவரும் பார்த்ததில்லை. கொஞ்சம் பூனை, கொஞ்சம் விரால் மீன். மீசை மட்டும் யாரோ தெரிந்த மனிதருடையதாக இருந்தது.

ஒவ்வொரு பங்குனியிலும் வைகுண்டராஜ் சென்னைக்கு அறிக்கை அனுப்புவார். 'இவ்வாண்டும் நமது எல்லைக்குள் ஒரு நீர்நாய்கூடக் கொல்லப்படவில்லை' என்று அதில் இருக்கும். அது உண்மைதான். கூடவே பால்கோவாவும் போகும். மூன்று வருஷம் சென்னை திருப்தியாக இருந்தது. நான்காவது வருஷம், தொண்ணூற்றிரண்டில், தனுஷ்கோடி என்று புதுத் தலைவர் வந்தார். அவர் அறிக்கையை வாசித்துவிட்டு, 'கொல்லப்படாத அந்த நீர்நாய்கள் தற்போது எங்கே உள்ளன?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். காட்டாவிட்டால் கிளை மூடப்படும் என்றும் எழுதியிருந்தார். வைகுண்டராஜ் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

அந்த வாரத்தில்தான், வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டிக்கு மேற்கே ஓடைக்கரையில் மாரிசாமி அதைப் பார்த்தார்.

மாரிசாமிக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் நெல், கரையோரம் நாலைந்து தென்னை, ஒரு கிணறு, அஞ்சு குதிரைச் சக்தி மோட்டார். சாயங்காலம் மோட்டார் போடப் போனவர், பம்ப்செட் தொட்டியின் விளிம்பில் ஒன்று உட்கார்ந்திருப்பதைக் கண்டு நின்றார். கீரியைவிடப் பெரியது. நனைந்து வழவழவென்று இருந்தது. இரண்டு கையாலும் ஒரு மீனைப் பிடித்து, தலைப்பக்கத்திலிருந்து தின்றுகொண்டிருந்தது. மாரிசாமியை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மீனைப் பார்த்தது. முழுசாகத் தின்று முடித்துவிட்டு ஓடைப்பக்கம் இறங்கிப் போனது.

வீட்டுக்கு வந்து மனைவி பரிபூரணத்திடம் சொன்னார்.

"நம்ம நெல்லத் தின்னுச்சா?" என்று கேட்டாள் அவள்.

"இல்லட்டி. மீனு."

"பொறவு என்ன, தின்னுட்டுப் போவட்டும்."

விஷயம் அதோடு முடிந்திருக்கும். மறுநாள் காலை டீக்கடையில் மாரிசாமி அதையே சொன்னபோது, பேப்பருக்குச் செய்தி அனுப்பும் பால்ச்சாமி பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். அடுத்த நாள் 'வத்திராயிருப்பு அருகே நீர்நாய் நடமாட்டம்: பொதுமக்கள் பீதி' என்று வந்துவிட்டது. பரிபூரணம் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "யாருக்குப் பீதி?" என்றாள். யாருக்கும் தெரியவில்லை.

பச்சை ஜீப் மத்தியானமே வந்தது. வைகுண்டராஜ் இறங்கி வரப்பில் ஓடிவந்து மாரிசாமியின் சேற்றுக் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நாலு வருசமா ஒங்களத்தான் தேடிக்கிட்டிருந்தோம்" என்றார்.

மாரிசாமி கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். "நான் ஒண்ணும் செய்யலங்கய்யா. அதுவா வந்துச்சு."

அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், பார்த்தது நீர்நாய்தானா என்று உறுதி செய்தார்கள். வாரியத்திடம் இருந்தது ஒரே ஒரு படம். வெளிநாட்டுக் காலண்டரில் இருந்து வெட்டியது. பனிக்கட்டி மேல் குண்டாக, பளபளவென்று ஒன்று படுத்திருந்தது.

"இதுதான?" என்றார் வைகுண்டராஜ்.

"இல்லங்கய்யா. இதுக்குக் காலே இல்லையே."

"காலை மடக்கி உள்ள வச்சிருக்கு. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அவசரமே இல்ல. கிளைய மார்ச்சுலதான் மூடுவாக."

மாரிசாமி நல்ல மனிதர். ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். அதே இல்லை என்றும், மீசை மட்டும் ஒத்துவருகிறது என்றும் சொன்னார். 'மீசை அளவில் உறுதி செய்யப்பட்டது' என்று எழுத்தர் எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலமே அவரைப் படம் பிடித்து ஒரு அட்டை கொடுத்தார்கள். 'பெயர்: மாரிசாமி. தகுதி: நீர்நாயை நேரில் கண்டவர்' என்று அச்சாகியிருந்தது. கீழே சின்ன எழுத்தில், அட்டைதாரர் தாம் கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் வாரியத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்றும் இருந்தது. மாரிசாமி அதை மஞ்சள் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். அரசாங்கம் அவருக்கு அதற்கு முன் கொடுத்திருந்தது ரேஷன் கார்டு ஒன்றுதான்.

தலைவர் தனுஷ்கோடி செய்தி கேட்டுக் குளிர்ந்துபோனார். உடனே ஒரு மாநாடு நடத்தச் சொன்னார். ஆவணி முகூர்த்தம் என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபமும் காலியில்லை. ராஜபாளையத்தில் லாரி வைத்து ஆற்று மணல் ஓட்டும் சமுத்திரம், தன் செலவில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்துக் கொடுத்தார். ஆறு என்றால் தனக்கு உயிர் என்று சொல்லிக் கொடுத்தார்.

அழைப்பிதழ் சென்னையில் அச்சாயிற்று. 'நீர்நாய்', 'ராஜபாளையம்' என்ற இரண்டு வார்த்தைகளையும் சேர்த்துப் பார்த்த யாரோ ஒரு அதிகாரி, ராஜபாளையத்தில் நாய் வளர்ப்பவர்களையெல்லாம் சிறப்பு விருந்தினர்களாகப் போட்டுவிட்டார். போட்ட பிறகு மாற்ற முடியாது. ஆகவே முன்வரிசையில் ஜரிகை வேட்டி கட்டிய ஒரு பெரியவர், பால் வெள்ளையில் உயரமான ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடைக்குப் பின்னால் தொங்கிய நீர்நாய்ப் படத்தைச் செத்த நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் தெலுங்கில், "இதி குக்க காதண்டி" என்றார். இது நாயே இல்லை என்று அர்த்தம். பக்கத்தில் இருந்தவர் வாரியத்து எழுத்தர். பெயரில் நாய் என்று இருப்பதால் வெறிநாய்த் தடுப்பூசி போடப்பட்டதா என்று தணிக்கையில் அவரை ஏற்கனவே கேட்டிருந்தார்கள்.

தனுஷ்கோடி பேசினார்.

"நான் இந்தப் பொறுப்பை ஏற்பதற்கு முன்னால் பட்டு வளர்ச்சியில் இருந்தேன். பட்டுப்புழுவைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் அங்கே ஒரு தவறும் நடக்கவில்லை. தெரிந்தவர்கள்தான் நடுவில் புகுந்து கெடுப்பார்கள். நீர்நாயைப் பற்றியும் நான் அதே திறந்த மனதோடு வந்திருக்கிறேன். இந்தப் பிராணி ஏன் அழிந்து வருகிறது? நான் யோசித்துப் பார்த்தேன். அதற்கு விழிப்புணர்வு இல்லை. நம் வாரியத்தின் சேவைகள் அதைச் சென்று சேரவில்லை. நீர்நாய் நம்மை நம்பி இருக்கிறது. மறந்துவிடாதீர்கள், நம் ஊழியர்கள் அத்தனை பேரும் நீர்நாயை நம்பி இருக்கிறார்கள். இரண்டில் ஒன்றையாவது நாம் காப்பாற்றியே தீருவோம்."

ஊழியர்கள் கை தட்டினார்கள். எந்த ஒன்று என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அடுத்து சமுத்திரம். "எனக்கு ஒண்ணும் பேசத் தெரியாது. ஆத்த நம்பித்தான் இந்த நெலமைக்கு வந்தேன். ஆறு எனக்கு எம்புட்டோ குடுத்திருக்கு. நான் அள்ள அள்ளக் குடுத்திருக்கு. அது இருக்க வரைக்கும் நான் விட்டுட மாட்டேன்" என்றார். இதற்கும் கை தட்டினார்கள்.

மாரிசாமிக்குச் சால்வை போர்த்தினார்கள். கணக்கில் ஒரு சால்வை மிச்சம் இருந்ததால் வெள்ளை நாய்க்கும் போர்த்தினார்கள். மாரிசாமியை மைக் முன்னால் நிறுத்தி, கண்டதைச் சொல்லச் சொன்னார்கள்.

"தொட்டி மேல உக்காந்து மீனு தின்னுச்சு. என்னயப் பாத்துச்சு. நானும் பாத்தேன்" என்றார்.

"உங்களைப் பார்த்ததும் என்ன செய்தது?" என்று தனுஷ்கோடி ஆவலோடு கேட்டார்.

"திங்கிறத நிறுத்தலங்கய்யா."

"மனிதன் மேல் எவ்வளவு நம்பிக்கை, பாருங்கள்" என்றார் தனுஷ்கோடி.

மாநாட்டுக்குப் பிறகுதான் மாரிசாமிக்குக் கஷ்டம் வந்தது. பிராணி காணப்பட்ட இடத்தை நடுவாக வைத்து வட்டம் போட்டு, அதை மையப்பகுதியாக அறிவிக்க வேண்டும் என்பது விதி. வைகுண்டராஜ் வரைபடத்தை விரித்து, கவராயத்தின் ஊசியை மாரிசாமியின் தொட்டி மேல் குத்திச் சுற்றினார். கிணறு, ஒன்றரை ஏக்கர், தென்னை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. மையப்பகுதிக்குள் நிலையாகப் பொருத்திய இயந்திரம் எதுவும் ஓடக் கூடாது. சத்தத்தில் பிராணி பயந்துவிடும். இருளப்பசாமி வந்து மோட்டார் பெட்டியைப் பூட்டி அரக்கு வைத்தார்.

"நெல்லு பொதி கட்டுற நேரம்ணே. இப்பத்தான் தண்ணி வேணும்" என்றார் மாரிசாமி.

"எனக்குத் தெரியாதா தம்பி. நானும் வெவசாயம் பாத்தவந்தான்" என்று சொல்லிக்கொண்டே இருளப்பசாமி அரக்கை ஊதி ஆறவைத்தார்.

புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். வைகுண்டராஜ் அவர்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். விதிப்புத்தகத்தைத் திறந்து காட்டினார்.

"விலக்குக் குடுக்கலாம்மா. கூடாதுன்னு சொல்லல. பாதிக்கப்படுற தரப்புக்கிட்ட இருந்து ஆட்சேபணை இல்லைன்னு ஒரு சான்று வாங்கிட்டு வந்தாப் போதும்."

"பாதிக்கப்படுறது நாங்கதான அய்யா?" என்றாள் பரிபூரணம்.

"நீங்க பாதிக்கிற தரப்பு. பாதிக்கப்படுறது நீர்நாய்."

பரிபூரணம் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "அதுகிட்டயா வாங்கியாரச் சொல்லுதீக?"

"எழுத்துமூலமாத்தான் வேணும்னு இல்ல. வாய்மொழியா ஒத்துக்கிட்டாலும் செல்லும். எனக்கும் சங்கடமாத்தாம்மா இருக்கு. 'தரப்பு'ன்னா மனுசத் தரப்பா, மிருகத் தரப்பான்னு விளக்கம் கேட்டுச் சென்னைக்கு எழுதினேன். 'விதியின்படி செயல்படவும்'னு பதில் வந்திருக்கு."

அவர் விதியின்படியே செயல்பட்டார். நீர்நாய்க்கு ஒரு அறிவிப்பு அடித்து, பசை தடவித் தொட்டியில் ஒட்டினார்கள். மாரிசாமி என்பவர் மோட்டார் ஓட்டுவதில் ஆட்சேபணை இருந்தால் விசாரணைக்கு நேரில் வந்து தெரிவிக்கலாம் என்று அதில் இருந்தது. மூன்றாம் நாள் அறிவிப்பில் பாதியைக் காணோம். ஓரத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது. 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று இருளப்பசாமி குறித்துக்கொண்டார்.

விசாரணை நாளில் தொட்டிக்கு எதிரே மேசை நாற்காலி போட்டு வைகுண்டராஜ் உட்கார்ந்தார். கோர்ட்டில் கூப்பிடுவது போல இருளப்பசாமி மூன்று முறை "நீர்நாய், நீர்நாய், நீர்நாய்" என்று ஓடையைப் பார்த்துக் கூவினார். மூன்றாவது கூவலுக்குப் பக்கத்துத் தோட்டத்துக் கறுப்பு நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து மேசைக்குக் கீழே படுத்தது. தரப்பு சார்பில் இது ஆஜராகலாமா என்று எழுத்தர் கேட்டார். வைகுண்டராஜ் குனிந்து நாயைப் பார்த்தார். நெருங்கிய உறவு என்பதற்கு ஆதாரம் போதாது என்று சொல்லி விசாரணையை ஒத்திவைத்தார்.

பரிபூரணம் அன்றிலிருந்து கிணற்றில் இறைத்துக் குடம் குடமாக வயலுக்குத் தூக்கினாள். மாரிசாமியும் தூக்கினார். குடத்தால் நெல் வளர்க்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மேட்டுப்பக்கம் பாதி வயல் மஞ்சளடித்துவிட்டது. டீக்கடையில் சொன்னதற்காக அவள் ஒரு வார்த்தை திட்டினால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்போதுதான் லாரிகள் வந்தன. சமுத்திரத்தின் லாரிகள். வயலுக்குக் கீழே ஓடை வளைகிற இடத்தில் வரிசையாக நின்று மணல் அள்ளின. கரையில் இருந்த தாழம்புதரையும் நாணலையும் வழிக்காகத் தள்ளி மிதித்துவிட்டார்கள். நீர்நாய் போய்வரும் பாதையே அதுதான். ஒரு வாரத்தில் கிணற்றில் தண்ணீர் இறங்கி, அடியில் இறக்கியிருந்த சிமெண்டு உறை வெளியே தெரிந்தது. மோட்டாரைத் திறந்துவிட்டாலும் இறைக்கத் தண்ணீர் இருக்காது போலிருந்தது.

மறுபடி பஸ் ஏறினார்கள். மாரிசாமி அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினார்.

"அய்யா, லாரி வந்து அதோட எடத்தையே அழிக்காக. மோட்டார் சத்தம் ஆவாதுன்னீக, லாரி சத்தம் ஆவுமா?"

"மோட்டார் நிலையான இயந்திரம். லாரி ஓடுற இயந்திரம். அது போக்குவரத்து" என்றார் வைகுண்டராஜ்.

"மணல அள்ளுதாகளே."

"மண்ணு நம்ம துறை இல்ல. அது வருவாய்."

"புதர அழிச்சுட்டாகய்யா."

"புதர் வனத்துல வரும். அதுவும் ஓடைப் புறம்போக்குப் புதர்னா வனத்துல வருமாங்கிறதே வழக்குல இருக்கு. தண்ணி பொதுப்பணி. தண்ணிக்குள்ள இருக்க மீன் மீன்வளம்."

"அப்ப ஒங்களது எதுங்கய்யா?" என்றாள் பரிபூரணம்.

"நீர்நாய்மா. நீர்நாய் மட்டும். அது மண்ணு மேல நிக்கிறப்ப வருவாயையும், தண்ணிக்குள்ள இருக்கப்பப் பொதுப்பணியையும் கலந்துக்கிட்டுத்தான் நாங்க செயல்பட முடியும். எது மேலயும் படாம இருக்கப்பத் தனியாவே நடவடிக்கை எடுக்க எங்களுக்கு அதிகாரம் இருக்கு."

"குதிக்கிறப்ப" என்றாள் அவள்.

"ஆமா. குதிக்கிறப்ப முழுப் பொறுப்பும் எங்களது" என்றார் வைகுண்டராஜ். அதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பரிபூரணம் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "கெட்டவுகளா இருந்தா நாலு வார்த்தை பேசிட்டு வந்துடலாம். டீயும் வாங்கிக் குடுத்துட்டுல்ல இப்படிச் சொல்லுதாக" என்றாள்.

சில நாள் கழித்து ஒரு லாரி, பாரத்தோடு பள்ளத்தில் சாய்ந்து அச்சு முறிந்து நின்றுவிட்டது. மணலைத் தள்ளிவிட்டு, வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ராஜபாளையத்தில் இருந்து அச்சு வர வேண்டும் என்றார்கள். அன்று சாயங்காலம் மாரிசாமியும் பரிபூரணமும் வயலில் குடத்தோடு நின்றிருந்தபோது, ஓடைக்குள் தண்ணீர் சுழித்தது. நீர்நாய் ஒரு கெளுத்தியைக் கவ்விக்கொண்டு கரையேறி, வழக்கமான புதரைத் தேடி இங்கும் அங்கும் ஓடியது. புதர் இல்லை. கடைசியில் பின்சக்கரம் புதைந்திருந்த இடுக்கு வழியாக லாரிக்கு அடியில் புகுந்துகொண்டது. இரண்டு பேரும் இருட்டுகிற வரைக்கும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

காலையில் பரிபூரணம் அவருடைய மஞ்சள் பையை எடுத்து வந்து முன்னால் வைத்தாள்.

"அட்டையில என்ன போட்டிருக்குன்னு சொன்னீக? கண்டதைக் கூட்டாம குறைக்காமச் சொல்லணும்னுதான?"

"ஆமா."

"அப்ப போயிச் சொல்லிட்டு வாங்க."

"என்னத்தச் சொல்ல?"

"கண்டத. லாரியப் பத்தி, மணலப் பத்தி ஒரு பேச்சும் பேசாதீக. அது எங்க போச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

மாரிசாமி போய்க் கண்டதைச் சொன்னார். வைகுண்டராஜ் பேனாவை மூடினார்.

"லாரிக்கு அடியில போச்சு?"

"போச்சுங்கய்யா."

"வெளிய வந்துச்சா?"

"அத நாங்க பாக்கலங்கய்யா. சாப்புட வீட்டுக்குப் போயிட்டோம்."

"வேற யாராவது பாத்திருக்காகளா?"

"ஊருல நான் மட்டுந்தானய்யா நேரில் கண்டவன்."

வைகுண்டராஜ் எழுந்து அலமாரியில் இருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். பிராணி நுழையக் காணப்பட்டு, வெளியேறக் காணப்படாத இடம் எதுவோ அதுவே அதன் வாழ்விடம் என்று அதில் தெளிவாக இருந்தது. வருவாய் இல்லை, வனம் இல்லை, பொதுப்பணி இல்லை. நான்கு வருஷத்தில் முதல் முறையாக, முழுக்க முழுக்க வாரியத்துக்கே சொந்தமான ஒன்று கிடைத்திருந்தது.

ஜீப் ஓடைக்கு வந்தபோது சமுத்திரமும் ஒரு மெக்கானிக்கும் அச்சோடு நின்றிருந்தார்கள். லாரியைக் கட்டி இழுக்க டிராக்டரும் வந்திருந்தது.

"வண்டிய யாரும் தொடக் கூடாது. இது இப்ப நீர்நாய் வாழ்விடம்" என்றார் வைகுண்டராஜ்.

சமுத்திரம் சிரித்தார். பிறகு வைகுண்டராஜின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "சார், இது என் லாரி. ஆர்சி புக் வீட்டுல இருக்கு."

"நேத்துச் சாயங்காலம் வரைக்கும் ஒங்க லாரி. நான் மறுக்கல."

"அடியில ஒண்ணும் இல்ல சார். குனிஞ்சு பாருங்க."

"குனிஞ்சு பாக்கிறது பிராணிக்குத் தொந்தரவு. விதியில இருக்கு."

"குனியாம உள்ள இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்கிறதுதான் இதுல பாதுகாப்பே" என்றார் வைகுண்டராஜ்.

சமுத்திரம் ஒரு எட்டு முன்னால் வந்தார். "மாநாட்டுக்கு மண்டபம் புடிச்சுக் குடுத்தது நானு சார். மறந்துட்டீகளா?"

"எப்படி மறப்போம். வாரியம் நன்றியோட இருக்கு. ஒங்க பேரப் பலகையிலயே போட்டுருவோம். வண்டிய எடுக்கணும்னா, பாதிக்கப்படுற தரப்புக்கிட்ட இருந்து ஆட்சேபணை இல்லைன்னு ஒரு சான்று மட்டும் வாங்கிட்டு வந்துருங்க."

சொன்னபடியே செய்தார்கள். லாரியைச் சுற்றி முள்கம்பி போட்டு, இருளப்பசாமியை அங்கேயே காவல் வைத்து, பலகை நட்டார்கள். 'நீர்நாய் வாழ்விடம். உபயம்: சமுத்திரம், ராஜபாளையம்.'

வாழ்விடம் மாறியதால் வட்டமும் மாறியாக வேண்டும். வைகுண்டராஜ் கவராயத்தின் ஊசியைத் தொட்டியில் இருந்து பிடுங்கி லாரி மேல் குத்திச் சுற்றினார். ஓடையின் வளைவு முழுக்க உள்ளே வந்தது. மாரிசாமியின் கிணறும் வயலும் வெளியே போய்விட்டன. இருளப்பசாமி வந்து அரக்கை உடைத்து மோட்டார் பெட்டியைத் திறந்துவிட்டார். பள்ளக்கால் வயல் தப்பியது. மேட்டு வயல் போனது போனதுதான்.

சமுத்திரம் சும்மா இருக்கவில்லை. வேறு லாரிகளை அனுப்பிப் பார்த்தார். டிரைவர்கள் மறுத்துவிட்டார்கள். "அங்கன நின்னுட்டு ஒரு பீடி பத்தவச்சாக் கூட வண்டிக்கு வேலி போட்டுருதாக மொதலாளி" என்றார்கள். பிறகு அவர் தளவாய்புரம் பக்கம் வேறொரு ஓடைக்குப் போய்விட்டார் என்று பேச்சு. அந்த ஓடையில் நீர்நாய் இருந்ததா என்று தெரியவில்லை. அங்கே அட்டை வைத்திருப்பவர் யாரும் இல்லை.

தனுஷ்கோடி சென்னையில் இருந்து வந்து லாரிக்கு மாலை போட்டார். பானெட்டில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். "இந்தியாவிலேயே எளிதில் இடம் மாற்றக்கூடிய ஒரே வாழ்விடம் நம்முடையதுதான்" என்று பேசினார். அச்சு முறிந்திருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஐப்பசியில் வெள்ளம் வந்து டயர் மூடுகிற அளவுக்கு மணலைக் கொண்டுவந்து சேர்த்தது. கார்த்திகையில் லாரியைச் சுற்றி நாணல் முளைத்தது. கிணற்று உறை மறுபடி தண்ணீருக்குள் போயிற்று.

மார்கழியில் சமுத்திரமே மாரிசாமியின் வீட்டைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அண்ணாச்சி, ஒரே ஒரு வார்த்தை. அது வெளிய வந்ததப் பாத்தேன்னு ஆபீசுல சொல்லிருங்க. வட்டம் கலைஞ்சுரும். ஒங்களுக்கு என்ன வேணும்னாலும் செஞ்சு குடுக்கேன்."

"நான் பாக்கலையேங்க" என்றார் மாரிசாமி.

"பாத்த மாதிரிச் சொல்லுங்க."

"பாத்தாச் சொல்லுதேன். பாக்காம எப்படிச் சொல்ல?"

அவர் பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் வரும் என்பது புரிந்ததும் சமுத்திரம் எழவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போவது போலப் போனார். பரிபூரணம் கதவைச் சாத்திவிட்டு வந்து, "பாத்தாச் சொல்லுவீகளோ?" என்று கேட்டாள். அன்றிலிருந்து மாரிசாமி வயலுக்குப் போகும்போது லாரி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பாமலே போய்வந்தார்.

தை பிறந்து ஒரு காலை, இருளப்பசாமி வேலியோரம் இருந்து கையை ஆட்டி அவர்களைக் கூப்பிட்டார். வாயைத் திறக்கவில்லை. போய்ப் பார்த்தால், லாரிக்கு அடியில் இருந்து நீர்நாய் வெளியே வந்துகொண்டிருந்தது. பின்னாலேயே குட்டிகள். ஒன்று மற்றதன் வாலைக் கடித்துக்கொண்டு உருண்டது. ஒன்று தண்ணீர் விளிம்பில் நின்று, இறங்க மாட்டேன் என்று கத்தியது. தாய் அதன் பிடரியைக் கவ்வித் தண்ணீருக்குள் போட்டது. அது முங்கி எழுந்து, மூக்கைச் சிந்தியது போலச் சீறியது. நான்கு வருஷத்துக்கு மேலாக வாரியத்தில் வேலை பார்க்கும் இருளப்பசாமி முதல் முறையாக நீர்நாயைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பரிபூரணம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மாரிசாமி மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்ததை அவர் பார்த்துவிட்டார்.

நேரம் பார்த்தது போல வரப்பு மேல் பச்சை ஜீப் வந்து நின்றது. வைகுண்டராஜ் புதுச் சட்டை போட்டிருந்தார். கிளையை நிரந்தரமாக்கி முந்தின நாள்தான் உத்தரவு வந்திருந்தது. ஓடைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அதைச் சொல்லத் தொடங்கினார். மாரிசாமி பையில் இருந்து அட்டையை எடுத்தார்.

"அய்யா, ஒரு விசயம். இப்பத்தான் கண்டேன். அது வந்து..."

வைகுண்டராஜ் பேச்சை நிறுத்தினார். மாரிசாமியின் கண் தன் தோளைத் தாண்டி ஓடைக்குப் போவதைப் பார்த்தார். பரிபூரணத்தின் முகத்தைப் பார்த்தார். இருளப்பசாமியின் கையில் இருந்த தொப்பியைப் பார்த்தார்.

"வேண்டாம் மாரிசாமி" என்றார் மெதுவாக. "நீங்க சொன்னா நான் எழுதணும். எழுதினா இது வாழ்விடம் இல்லைன்னு ஆயிரும். வேலியப் பிரிக்கணும். நாளைக்கே லாரிக எறங்கும். கிளையும் போயிரும்."

"அட்டையில கூட்டாம குறைக்காமன்னு..."

"அந்த அட்டையக் குடுங்க."

வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். 'நேரில் கண்டவர்' என்ற வேலையில் மாரிசாமி இருந்தது அந்த நிமிஷத்தோடு முடிந்தது. மாரிசாமி மூச்சு விட்டார்.

பின்னால் தண்ணீர் தெறிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கீச்சுக் கீச்சென்று சின்னக் குரல்கள். வைகுண்டராஜின் கழுத்து கொஞ்சம் திரும்பியது. அவர் அதற்கு மேல் அதைத் திரும்பவிடவில்லை.

"குட்டியா?" என்று கேட்டார். அலுவலகக் குரல் இல்லை அது.

"குட்டிதானய்யா" என்றாள் பரிபூரணம்.

"நல்லா இருக்கா?"

"ஒரு கொறையும் இல்ல. ஒண்ணு மட்டும் தண்ணிக்குப் பயப்படுது. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

வைகுண்டராஜ் தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்ச நேரம், கேட்டுக்கொண்டு மட்டும் அங்கேயே நின்றார். பிறகு நேராக நடந்து போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். புதுப்பட்டி ரோடு ஏறுகிற வரைக்கும் ஓடை கண்ணில் பட்டுவிடாதபடி, பின்பக்கம் தெரிகிற கண்ணாடியைக் கையை நீட்டி மேலே திருப்பி வைத்துவிட்டார் என்று டிரைவர் பிறகு சொன்னார்.